எங்கள் திண்ணை (குடும்ப வாட்ஸ்அப் குழு)

நித்யா: சித்தப்பா, நாளை வகுப்பில் இந்திப் பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். யாரைச் சொல்லலாம்?

சித்தப்பா: பிரபாஷ் ஜோஷி. யோசிக்கவே வேண்டாம்.

சித்தி: போயிற்று. இனி இவருக்குச் சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

சித்தப்பா: 1983 நவம்பரில் இவரை ஆசிரியராகக் கொண்டு 'ஜனசத்தா' என்ற இந்தி நாளிதழ் வந்தபோது நான் டெல்லி கரோல் பாக்கில் வாடகை அறையில் இருந்தேன். அதுவரை இந்தி பேப்பரைத் திறந்தால் சமஸ்கிருதமாகக் கொட்டும். இவர் மத்தியப் பிரதேசத்து மால்வாக்காரர், இந்தூர் 'நயி துனியா' பத்திரிகையில் தொழில் பழகியவர். டீக்கடை இந்தியைத் தலையங்கத்தில் ஏற்றினார். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்.

நித்யா: முதலாளி யார்?

சித்தப்பா: 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ராம்நாத் கோயங்கா. நம் சென்னைக்கு வந்து வளர்ந்தவர். பேப்பரின் முழக்கம் 'சப்கீ கபர் லே, சப்கோ கபர் தே'; எல்லோருடைய செய்தியையும் எடு, எல்லோருக்கும் செய்தி கொடு என்று அர்த்தம். 'கபர் லே' என்றால் ஒரு கை பார் என்றும் பொருள்.

கார்த்தி: அச்சு போதாத கதையைச் சொல்லுங்கள் அப்பா.

சித்தப்பா: ஆமாம். இதற்குமேல் அச்சடிக்க முடியவில்லை, ஒரு பிரதியைப் பலர் பகிர்ந்து படியுங்கள் என்று வாசகர்களை அவரே கேட்டுக்கொண்டார். எந்த ஆசிரியருக்கு அந்த யோகம் வாய்க்கும்!

சித்தி: 1987-இல் ராஜஸ்தான் தேவ்ராலா கிராமத்தில் நடந்ததை மட்டும் தாண்டிப் போகிறீர்களே. ரூப் கன்வருக்கு 18 வயது. இறந்த கணவனின் சிதையில் எரிந்தாள். 'சதி' என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கித் தலையங்கம் போட்டது உங்கள் ஜனசத்தாதான்.

சித்தப்பா: எழுதியவர் வேறொருவர்.

சித்தி: ஆசிரியர் நாற்காலியில் இருந்தது யார்?

சித்தப்பா: அவர்தான். தலையங்கத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதன்பிறகு ஒரு வாரம் நான் பேப்பர் வாங்கவில்லை.

சித்தி: நான் ஒரு வருடம் தொடவில்லை.

நித்யா: இதையும் பேசலாமா?

சித்தி: இதை விட்டுவிட்டால் பேசவே வேண்டாம்.

சித்தப்பா: சரி, 2009 மக்களவைத் தேர்தலையும் சேர்த்துக்கொள். வேட்பாளரிடம் காசு வாங்கி விளம்பரத்தைச் செய்தியாகப் போட்ட பத்திரிகைகளை, எழுபதைத் தாண்டிய வயதில் வெளிப்படையாகச் சாடினார். சொந்தத் தொழில்காரர்களைப் பகைத்துக்கொண்டு!

கார்த்தி: அந்த வருடம்தானே இறந்தார்?

சித்தப்பா: நவம்பர் 5. ஐதராபாத்தில் ஆஸ்திரேலியா 350. சச்சின் தனியாளாக 175 அடித்தும் 3 ரன்னில் தோற்றோம்.

கார்த்தி: நீங்கள் ரிமோட்டை வீசிய ஆட்டம்!

சித்தப்பா: அதேதான். அவர் கிரிக்கெட் பைத்தியம். அந்த ஆட்டத்தைப் பார்த்த இரவே மாரடைப்பில் போய்விட்டார்.

நித்யா: ஐந்து நிமிடம் போதாது சித்தப்பா.

சித்தி: தட்டில் தோசை வைத்து எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் கேள்.