அப்பம்மா வீட்டு லட்சுமி படம்: கையால் வரைந்ததா, அச்சா? விலைபோகுமா?

கோண்டாவில் பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பம்மாவின் நாற்சார் வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம். சாமியறையை ஒதுக்கும்போது ஒரு பெரிய லட்சுமி படம் கைக்கு வந்தது. தாமரையில் நிற்கிறா, பக்கத்தில் மாலை தூக்கிய யானை. சேலைக்கரையில் உண்மையான சரிகை ஒட்டியிருக்கிறது. கீழ் மூலையில் ரவி வர்மா என்று ஆங்கிலக் கையெழுத்து. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் கன்வஸ் மாதிரிச் சொரசொரப்பு. 95இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து எல்லோரும் தென்மராட்சிக்கு ஓடியபோதும் இது சுவரிலேயே தொங்கியதாம்.

கனடாவில் இருக்கும் மாமா, பல லட்சம் பெறும், கொண்டுவா என்கிறார். பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் இன்றைக்கே காசு தருகிறேன் என்று நிற்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாமா?

அதோடு ஒரு சிறிய படமும் இருந்தது. பனங்கூடல், கிணற்றடி, தண்ணீர் இறைக்கும் துலாவில் ஏறி நடக்கிற ஒருவர். மூலையில் பென்சிலால் 'க. 47'. இதை எறியலாம் என்று அம்மா சொல்கிறா.

இணுவிலான்:
தங்கச்சி, இரண்டையும் ஒருவருக்கும் கொடுக்காதேங்கோ. இன்றைக்கே முடிவெடு என்று அவசரப்படுத்துகிறவரிடம் எதையும் விற்கக் கூடாது.

பழம்படப் பிரியன்:
துடைக்க வேண்டாம், கழற்றவும் வேண்டாம். கண்ணாடியில் படத்தாள் ஒட்டியிருந்தால் இழுக்கும்போது நிறம் உரிந்து வரும். ஈரத்துணி, தேங்காயெண்ணெய் எதுவுமே ஆகாது.

கையெழுத்தை வைத்து முடிவுக்கு வராதேங்கோ. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மாளவ்லிக்குப் போனது. கற்களில் நிறத்துக்கு ஒன்றாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த படங்கள் அவை. கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சாகும். சொரசொரப்பும் சாட்சி இல்லை. எண்ணெய் ஓவியம்போலத் தெரிய அச்சுத்தாளிலும் கன்வஸ் பதிவை அழுத்தி, மேலே வார்னிஷ் பூசினார்கள்.

அறையை இருட்டாக்கி, ரோச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கோ. முகம், வானம், சேலை எல்லாவற்றிலும் சொரசொரப்பு ஒரே சீராக ஓடினால் அச்சு. தூரிகையால் வரைந்ததில் ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெல்லிசாகவும் நிறம் நிற்கும். அப்புறம் தெரிந்த நகை செய்யும் பத்தரிடம் கண்ணுக்கு வைக்கும் லென்ஸை வாங்கிக் கன்னத்தைப் பாருங்கோ. வரிசை பிடித்த புள்ளிகள் என்றால் பிற்கால ஓப்செற் அச்சு. ஒழுங்கில்லாத பொடிப் புள்ளிகள் என்றால் பழைய கல்லச்சு.

சரிகையை மட்டும் பிய்த்துவிடாதேங்கோ. அந்தக் காலத்தில் இந்தப் படங்களை வாங்கியவர்கள் துணியும் சரிகையும் ஒட்டி அலங்கரிப்பது வழக்கம். இப்போது சேகரிப்பவர்கள் அதைத் தேடித்தான் வாங்குகிறார்கள்.

கோண்டாவில் பேத்தி:
அண்ணை, பார்த்தேன். சொரசொரப்பு ஒரே சீர். கன்னத்தில் ஒழுங்கில்லாத புள்ளிகள். சட்டத்தின் ஓரத்தில் அச்சகப் பெயர் பாதி தெரிகிறது, மீதி உள்ளே மறைந்திருக்கிறது. பின்பக்கப் பலகையில் ஒரு மூலை கறையான் அரித்திருக்கு.

பழம்படப் பிரியன்:
அப்போ கல்லச்சுத்தான். மாமா சொல்கிற விலை ரவி வர்மா கையாலே தீட்டிய ஓவியத்துக்குரியது. இதுபோன்றவை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப்பட்டு வீடுவீடாகப் போனவை. ஆனாலும் வெள்ளை ஓரம் வெட்டுப்படாமல், அச்சகப் பெயரோடு, சரிகை கலையாமல் இருந்தால் நல்ல விலை உண்டு. சட்டத்துக்குள் மறைந்திருக்கிற ஓரம் முழுசாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பெறுமதி. கழற்றுவதென்றால் பழைய படம் கையாளத் தெரிந்தவர் கழற்றட்டும். கறையான் பட்ட பலகையை மாற்றி, அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கோ.

எனக்கு இப்போது அந்தத் துலாப் படம்தான் மனதில் நிற்கிறது. அதையும் லென்ஸில் பார்த்தீர்களா?

கோண்டாவில் பேத்தி:
பார்த்தேன். புள்ளியே இல்லை. தாளின் குழிகளில் நிறம் தேங்கி நிற்கிறது. துலாவுக்குக் கீழே பென்சில் கோடும் தெரிகிறது.

பழம்படப் பிரியன்:
கையால் தீட்டிய நீர்வர்ணம்! தயவுசெய்து எறியவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கோ. ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப் என்ற ஓவியர் சங்கத்தைத் தொடங்கிய பிறகு, சித்திர ஆசிரியர்கள் பலர் எங்கட ஊர்க் காட்சிகளை இப்படித் தீட்டினார்கள். இடப்பெயர்விலும் குண்டுவீச்சிலும் அவற்றில் எவ்வளவோ அழிந்துபோனது. 'க.' யாரென்று நான் ஊகிக்க மாட்டேன். முதலில் குடும்பத்தில் சித்திரம் படிப்பித்தவர் யாரும் இருந்தாரா என்று மூத்தவர்களிடம் கேட்டு, சொல்வதைத் திகதியோடு எழுதி வையுங்கோ. அந்தத் தகவல் இல்லாமல் படத்துக்கு ஆள் தேடுவது கஷ்டம். பிறகு முன்னும் பின்னும் படமெடுத்துக்கொண்டு, மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திர விரிவுரையாளர்களிடம் காட்டுங்கோ.

இணுவிலான்:
கனடாவுக்குக் கொண்டுபோகிற கதையையும் இப்போதைக்கு விடுங்கோ. தொல்பொருள் என்று கருதப்படுகிறதைத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. மாமாவிடம் சொல்லி வையுங்கோ.

கோண்டாவில் பேத்தி:
இரண்டு பேருக்கும் நன்றி அண்ணை. சாமான் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சுன்னாகத்தில் இருக்கும் பெரியத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, நினைவு நல்லாக இருக்கு. ஞாயிறு போய்க் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.