லேபில் அவுட்புட் வராதபோது யாராவது உங்களுக்கு வழி காட்டியதுண்டா?

ஈசிஇ_மாணவி: லீனியர் ஐசி லேப், மாடல் எக்ஸாம். 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசி வைத்து இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர் (சிக்னலைத் தலைகீழாக்கிப் பெரிதாக்கும் சர்க்யூட்), 1கே, 10கே ரெசிஸ்டர்கள். சிஆர்ஓவில் (வேவைத் திரையில் காட்டும் கருவி) சைன் வேவ் இல்லை, வெறும் நேர்கோடு. பக்கத்து டேபிளில் ஒருவன் எல்லா ஒயரையும் பிடுங்கி முதலிலிருந்து போட ஆரம்பித்துவிட்டான். நானும் கையை நீட்டினேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணா, "ஒயரைத் தொடாதம்மா. ஏழாவது பின்ல என்ன வருதுன்னு பாரு" என்றார். ஐசிக்கு சப்ளை வரும் பின் அது. மல்டிமீட்டரில் பூஜ்யம். சப்ளையிலோ 15 வோல்ட் இருக்கிறது. "அப்போ நடுவுல எங்கயோ நிக்குது. பாதி வழியில வச்சுப் பாரு." அங்கேதான் சிக்கல். ஒயர்களைச் செருகும் அந்த பிரெட்போர்டின் சப்ளை வரிசை பாதியோடு முடிந்துவிடும் வகை. ஒரு துண்டு ஒயரால் இணைத்ததும் வேவ் வந்தது. நன்றி சொல்லத் திரும்பினால் அவர் நாலு டேபிள் தள்ளி நிற்கிறார்.

ஹாஸ்டல்_சி_பிளாக்: கோடிங்கிலும் இதேதான். சி ப்ராஜெக்டில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ப்ரோகிராம் பாதியில் நின்றுவிட்டது, மறுநாள் ரிவ்யூ. சீனியர் அக்கா சரியாக நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் (திரையில் எழுதிக் காட்டும் வரி) போட்டார், "இதுவரைக்கும் வருதா?" மறுபடி மீதியில் பாதி. அரை மணி நேரத்தில் வரியே தெரிந்துவிட்டது. கோடில் எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று தேடித்தரும் கிட் பைசெக்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆயிரம் கமிட் (சேமித்த மாற்றங்கள்) இருந்தாலும் பத்துத் தடவை சோதித்தால் போதும்.

பழைய_மாணவன்: முதல் பதிவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எங்கே எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாதவர் கையில் மீட்டர் இருந்து என்ன பயன்? எனக்கு வைவாவில் ஒரு மேடம் கேட்டது அதுதான்: "ரீடிங் கிடக்கட்டும், நீ என்ன எதிர்பார்த்தே?" இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே தம்பி தங்கைகளே, சப்ளையை ஆன் செய்யும் முன் எழுதிவையுங்கள். இன்புட் 0.1 வோல்ட் என்றால் அவுட்புட் 1 வோல்ட், தலைகீழாக. இன்புட் ரெசிஸ்டர் வந்து சேரும் இரண்டாவது பின்னில் கிட்டத்தட்ட பூஜ்யம். அவுட்புட் 13, 14 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால், அவுட்புட்டை இரண்டாவது பின்னோடு இணைக்கும் 10கே ஃபீட்பேக் ரெசிஸ்டரைப் பாருங்கள், அனேகமாக அது போர்டில் சரியாக உட்கார்ந்திருக்காது. கிரவுண்ட் எல்லாம் ஒன்றாக இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது.

ஈசிஇ_மாணவி: அண்ணா, எதிர்பார்ப்பது பத்து மடங்கு என்று எனக்கும் தெரியும், மேனுவலிலேயே இருக்கிறது. பிரெட்போர்டு வரிசை பாதியில் நிற்கும் என்பது எந்த மேனுவலில் இருக்கிறது?

ஹாஸ்டல்_சி_பிளாக்: அதைத்தான் முதல் லேபிலேயே சொல்லித்தர வேண்டும். எங்கள் பேட்சுக்கும் யாரும் சொல்லவில்லை.