லேப்டாப்புக்கு ரெண்டு சீரியல் போர்ட் வேணும், கார்டு போடலாமா?

தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்:
வணக்கம் அண்ணே. எங்க செம்பனை மில்லுல லோரி நிறுக்கிற தராசுக்கு ஒண்ணு, டிக்கெட் பிரிண்டருக்கு ஒண்ணு, ஆக ரெண்டு சீரியல் போர்ட் (இந்த மாதிரி மெஷினுங்கள கம்ப்யூட்டரோட சேக்குற பழைய மாடல் சாக்கெட்) வேணும், ஆபீஸ் லேப்டாப்ல ஒண்ணுகூட இல்ல. மலிவா ஒரு யூஎஸ்பி கேபிள் வாங்கினேன், குலை ஏத்துன லோரிங்க வரிசையா நிக்கும்போதுதான் எடை அப்படியே உறைஞ்சு போவுது, டிரைவருங்க வெயில்ல காயுறாங்க பாவம். பக்கவாட்டுல ஒரு ஸ்லாட் இருக்கு, அதுல கார்டு போட்டா சரியாவுமா?

மில் வயர்மேன்:
முதல்ல என்ன ஸ்லாட்டுன்னு பாரு தம்பி. லேப்டாப் கார்டுல பழைய வகை பிசிஎம்சிஐஏ, அதுக்கப்புறம் வந்தது எக்ஸ்பிரஸ்கார்டு; பழைய கார்டு எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டுல சேராது, அழுத்திப் புகுத்தாதே. எக்ஸ்பிரஸ்கார்டுலயும் சிலதுக்குள்ள வெறும் யூஎஸ்பி சிப்புதான் இருக்கும், அத வாங்கினா திரும்ப அதே தலவலிதான், அதனால யூஎஸ்பி இல்லாம, பிசிஐ எக்ஸ்பிரஸ்ங்கிற கம்ப்யூட்டரோட உள்பாதை வழியா ஓடுற ரெண்டு போர்ட் கார்டா கேட்டு வாங்கு. கார்டுல இருக்குற சீரியல் சிப்பு 16950ன்னா 128 பைட் பஃபர் (வர்ற டேட்டாவ கொஞ்ச நேரம் தாங்கி வைக்கிற இடம்), 16550ன்னா 16 பைட்தான். தராசு வினாடிக்கு 9600 பிட் வேகத்துல அனுப்புறதுக்கு அந்த 16 பைட்டே போதும், அதுக்குன்னு காசு கூடக் குடுக்காதே.

ராத்திரி ஷிப்ட்:
கார்டு வாங்குறதுக்கு முன்னால விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ஹப்போட பவர் சேவிங்க ஆஃப் பண்ணிப் பாருங்க, எங்க மில்லுல உறைஞ்சதுக்கு அதான் காரணம். கேபிள எப்பவும் ஒரே ஓட்டையில குத்துங்க, இடம் மாத்துனா காம் நம்பர் (கம்ப்யூட்டர் அந்த போர்ட்டுக்குக் குடுக்குற நம்பர்) மாறிடலாம், அப்புறம் சாப்ட்வேர் தராச தேடிக்கிட்டே நிக்கும்.

தோட்டத்துப் பையன்:
ரொம்ப நன்றிண்ணே. எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டுதான். நாளைக்கு மொத லோரி வர்றதுக்குள்ள பவர் சேவிங்க ஆஃப் பண்ணிப் பாக்குறேன், பிரிண்டருக்கு எப்படியும் கார்டு வேணும்.