மண்வெட்டி போடாமல் கோதுமை: மாதவரம் கொல்லையில் இரண்டு பட்டம்

மாதவரம், கொல்லைத் தோட்டம்

உழாமல் பயிர் வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று நம்ம தோட்டக் குழுவில் கேட்டிருந்தார்கள். என்னுடையது சின்னக் கொல்லைதான். ஆனால் இரண்டு வருஷம் கண்ணால் பார்த்தது என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு போல இடம் இருக்கிறது. கத்தரி, வெண்டை, கீரை என்று பத்து வருஷமாகப் போடுகிறேன். ரசாயன உரம், பூச்சி மருந்து எதுவும் கிட்டே சேர்த்ததில்லை. ஆனால் மண்ணைக் கொத்துவதை மட்டும் நிறுத்தியதே இல்லை. "அகல உழுவதைவிட ஆழ உழு" என்று கேட்டு வளர்ந்தவள் நான். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவும் ஜப்பானின் ஃபுகுவோகாவும் மண்ணைக் கிளறாமல் விடு என்று சொன்னதைக் கேட்டபோதெல்லாம் மனசு ஆசைப்படும், கை கேட்காது.

பின் போர்ஷனில் பீகாரின் சமஸ்திபூர்க் குடும்பம் ஒன்று குடிவந்தது. புருஷனுக்கு மணலிப் பக்கம் வேலை. அந்தப் பெண் வந்த மூன்று வருஷத்தில் நம்ம வடசென்னைத் தமிழை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் நான் வேர்க்க வேர்க்கக் கொத்துவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஊர்ல மாமனார் ஏர் ஓட்றதே இல்லம்மா. நெல்லு அறுத்த தாளு அப்டியே நிக்கும். மெஷினு வந்து கீறிக்கினே கோதுமையைப் போட்டுட்டுப் போவும்." அன்றைக்குத்தான் கோதுமையிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கார்த்திகைக் கடைசியில் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் இரண்டு பாத்தி பிரித்தேன். ஒன்றில் வழக்கம்போல ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, எரு கலந்து விதைத்தேன். மற்றதில் புல்லைத் தரையோடு அறுத்து அங்கேயே போட்டு, களைக்கொத்தால் இரண்டு விரல் ஆழத்துக்குக் கோடு கீறி விதையைப் போட்டேன். மேலே அதே அளவு எரு. அதன் மேல் மாட்டுக்காரர் கொடுத்த வைக்கோல்.

முதல் மாசம் மனசு உடைந்துபோனது. கொத்திய பக்கம் பச்சைப் பசேலென்று ஏறியது. கொத்தாத பக்கம் வெளிறி நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. மண்ணைக் கிளறினால் காற்று உள்ளே போய் நுண்ணுயிர்கள் மட்கை வேகமாகத் தின்னும், பயிருக்குச் சட்டென்று தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்கும். கிளறாவிட்டால் அது மெதுவாகத்தான் வரும். போதாதற்கு, மேலே கிடக்கும் வைக்கோலை மட்கவைக்கும் நுண்ணுயிர்களும் இருக்கிற தழைச்சத்தில் பங்கு கேட்கும். யூரியா போடுகிறவர்கள் ஒரு கை வீசிச் சரிசெய்துவிடுவார்கள். நான் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றி ஒருவழியாக மீட்டேன்.

அடுத்தது களை. கோரையை எதிர்த்துப் போராடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வைக்கோல் மூடாக்கு மற்ற களைகளை அடக்கியது. கோரை மட்டும் ஊசி மாதிரி அதைக் குத்திக்கொண்டு வந்தது. கிழங்கு கீழே நிம்மதியாக இருக்கிறதே!

களையெடுக்க அவளும் வந்து உட்கார்ந்தாள். ஒரு செடியைப் பிடுங்கப் போன என் கையைத் தடுத்து, "அம்மா, இது பத்துவா!" என்று சத்தம் போட்டாள். பார்த்தால் நம்ம சக்கரவர்த்திக் கீரை. விதைக் கோதுமையோடு கலந்து வந்து முளைத்திருக்கிறது. அவள் ஊரில் கோதுமை வயலின் முக்கியமான களை அது. பிடுங்கிப் பிடுங்கிச் சமைப்பார்களாம். அன்று சாயங்காலம் பருப்போடு கடைந்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள்.

கூடவே இன்னொரு களையைப் பற்றியும் சொன்னாள். பேர் 'கோதுமையின் மாமா'. கதிர் வரும்வரை கோதுமைப் பயிர் மாதிரியே நிற்குமாம். பஞ்சாபில் குல்லி டண்டா என்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் இந்தப் புல் களைக்கொல்லிக்கே அடங்காமல் போனது. உழாமல் விதைத்த வயலில் அது குறைவாக முளைப்பதைப் பார்த்துத்தான் ஹரியானாவில் பலர் அந்த முறைக்கு வந்தார்கள். கிளறாத மண்ணில் அடியில் கிடக்கும் விதை மேலே வருவதில்லை. அந்த இடத்துக்கு அகன்ற இலைக் களைகள் சில கூடின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெல் அறுத்ததும் உழவுக்குக் காத்திராமல் விதைத்துவிடலாம் என்பது இன்னொரு லாபம். பங்குனி வெயிலும் அவர்கள் 'பச்சுவா' என்று சொல்லும் மேல்காற்றும் வருவதற்குள் மணி பிடித்துவிடும்.

"உழலன்னா களையை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"விதைக்கறதுக்கு முன்னாடியே மருந்து அடிச்சிடுவாங்கம்மா."

"மருந்தே இல்லாம பண்ணா?"

"அப்போ நாங்கதான் குந்தணும். விடிஞ்சா குந்துனா பொழுது சாயற வரைக்கும்."

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்த வார்த்தைக்காகத்தான். உழாத விவசாயம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவதில் பெரும்பங்கு, ஏரை விட்ட கையால் களைக்கொல்லியைப் பிடித்ததுதான். இயற்கை முறையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே ஏர்தான் களைக்கொல்லி. அதையும் விட்டால் களை முழுக்கப் பெண்களின் முதுகில் ஏறுகிறது. கொத்தாதே என்று சொல்கிறவர்கள் யார் குந்துவது என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, மண்ணுக்கு என்ன கிடைத்தது? அறுவடை முடிந்ததும் இரண்டு பாத்தியிலிருந்தும் எலுமிச்சை அளவு மண்கட்டி எடுத்து மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, காபி வடிகட்டியில் கட்டியை வைத்து மெதுவாக இறக்கினேன். கொத்திய மண் தொட்டவுடனே குமிழி விட்டுக் கரைந்தது. ஒரு நிமிஷத்தில் டம்ளர் முழுக்க டீத்தண்ணி மாதிரி கலங்கிவிட்டது. கொத்தாத மண் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று பருக்கை உதிர்ந்ததோடு சரி. அரை மணி கழித்தும் தண்ணீர் தெளிவாக இருந்தது. கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்தால் உள்ளே முடி போன்ற வேர்கள், மண்புழு போன துளை. பூஞ்சை இழையும் வேரும் புழுவின் பசையும் சேர்த்துக் கட்டிய மண் அது. மண்வெட்டி அந்தக் கட்டைத்தான் வருஷா வருஷம் அறுத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் கொத்திய பாத்தியில் மேல் ஓடு கட்டித் தண்ணீர் தேங்கும். கொத்தாததில் குடித்துவிடும். காலையில் வைக்கோலை விலக்கினால் புழு எச்சம் சின்னச் சின்னக் கோபுரமாக நிற்கும்.

விளைச்சல்: கொத்திய பக்கம் ஒரு படி. கொத்தாத பக்கம் ஒரு ஆழாக்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு குறைவு. நம்ம வெயிலுக்குக் கதிர் இரண்டிலுமே குட்டைதான். கோதுமைக்குக் குளிர் வேண்டும், சென்னை அதற்கான ஊர் இல்லை.

என் மகள் ஒரு கணக்கு தேடித் தந்தாள். சுவிட்சர்லாந்தில் ஃப்ரிக் என்ற ஊரில், களிமண் பூமியில், 2002 முதல் இயற்கை முறையிலேயே உழவைக் குறைத்துப் பார்த்துவருகிறார்கள். முதல் 3 வருஷத்தில் மேல் 10 சென்டிமீட்டர் மண்ணில் கரிமச்சத்து 7.4 சதவீதம் கூடியது. கோதுமை விளைச்சல் 14 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த தீவனப் புல்லும் மக்காச்சோளமும் உழவைக் குறைத்த பக்கமே அதிகம் விளைந்தன. என் ஆழாக்குக் கணக்கும் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. ஒரு கொல்லையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனாலும் அதைப் படித்ததும் ஒரு தெம்பு வந்தது.

அங்கேயும் அவர்கள் அறவே உழாமல் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். மண்ணைப் புரட்டிப் போடாமல், மேலாக மட்டும் கீறியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வருஷம் ஒரு மாற்றம்தான் கைகொடுத்தது. விதைப்புக்கு முன் தழைச்சத்து தரும் சணப்பை போட்டு, பூ எடுக்கும்போது சாய்த்து மூடாக்காக்கினேன். பயிர் வெளிறவே இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டை, மாவு மில்

அக்கா, களைவிதை என்றதும் எழுதத் தோன்றியது. மாமியார் காலத்திலிருந்து எங்களுக்கு மாவு மில். இயற்கைக் கோதுமை என்று கடையில் வாங்கி அரைக்க வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஒருமுறை ஒருவருடைய மாவு கொஞ்சம் சாம்பல் பூத்து வந்தது. மெஷினைச் சுத்தம் செய்யாமல் அரைத்துவிட்டேன் என்று என்னோடு சண்டை. அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் சவுகார்பேட்டைப் பெரியம்மா ஒருவர் தன் டின்னோடு காத்திருந்தார். மிச்சமிருந்த கோதுமையில் ஒரு கை எடுத்து என் முறத்தில் புடைத்துக் காட்டினார். முறத்தில் மிஞ்சியதில் கறுப்பாகத் தட்டையாகச் சில, எள்ளைவிடச் சின்னதாய்ப் பளபளவென்று சில, குச்சிகுச்சியாய்ச் சில. "பேட்டி (மகளே), இது மில்லு அழுக்கு இல்லே, வயல் அழுக்கு. மருந்து அடிக்காத வயலு. நாங்க சின்ன வயசுல தினம் இப்படித்தான் பொறுக்குவோம்" என்றார். சண்டை போட்டவர் பேசாமல் முறத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து இயற்கைக் கோதுமை வந்தால் நானே முதலில் சலித்துப் பார்த்துவிடுகிறேன். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அந்த மாவில் சில சமயம் இழுவை கம்மி, சப்பாத்தி இழுத்துத் தேய்க்கும்போது பிய்யும். பயிருக்குத் தழைச்சத்து குறைந்தால் மணியில் புரதம் குறையும், இழுவையும் போகும். பயிர் வெளிறியது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. இப்படிப்பட்ட மாவை வெந்நீரில் பிசைந்து அரை மணி மூடிவைக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

எண்ணூர், நிலம் மீஞ்சூர்ப் பக்கம்

உழாமல் விதைப்பது நமக்குப் புதுசில்லை என்று சொல்லத்தான் வந்தேன். நெல் தரிசு உளுந்து என்ன? அறுவடைக்கு ஏழு பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார் அப்பா. நெல்லை அறுத்தெடுக்கும்போது உளுந்து முளைத்து எழுந்திருக்கும். உழவும் இல்லை, தண்ணீரும் இல்லை. மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும்.

அது எங்கள் நிலத்தில் நின்றதற்குக் காரணம் கதிர் அறுக்கும் மெஷின். ஆள் கிடைக்காமல் மெஷினுக்கு மாறினோம். ஈர நிலத்தில் அது இறங்கினால் முளைத்த உளுந்து நசுங்கும், சக்கரம் போன தடம் சிமெண்டுத் தரையாகும். பிறகு டிராக்டர் விட்டு உடைத்தால்தான் உண்டு. நெல்லுக்குச் சேற்றுழவு அடிக்கிறோமே, அதில் மண்ணின் கட்டு ஏற்கெனவே போயிருக்கும், கீழே கெட்டித்தளமும் விழுந்திருக்கும். அதனால் ஒரு பட்டம் உழாமல் விட்டதும் மண் தேறிவிடும் என்று நம்பாதீர்கள். மாதவரம் அம்மாவின் கொல்லையில் சேறு கலக்கியதில்லை, அது பெரிய வசதி.

எங்களுக்கு வேறு ஒரு கஷ்டமும் உண்டு, உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல் உள்ளே வந்துவிட்டது ஊரறிந்த கதை. வெறும் நிலமாக உழுது போட்டால் வெயிலில் ஈரம் மேலேறி ஆவியாகி, உப்பு வெள்ளையாகப் பூக்கும். போன கோடையில் ஒரு துண்டு நிலத்தில் தாளை அறுக்காமல், உழாமல், மேலே வைக்கோலும் பரப்பி விட்டேன். அந்தத் துண்டில் பூப்பு பாதிகூட இல்லை. வரப்பில் நின்று பார்த்தாலே நிற வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பதையும் விட்டுவிடாதீர்கள், அம்மா. கோடை உழவில் கோரைக்கிழங்கு மேலே வந்து வெயிலில் காய்ந்து சாகும். உங்கள் கோரைக்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. ஈரத்தில் மட்டும் கொத்தாதீர்கள், அறுந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும்.

வியாசர்பாடி, மாடித்தோட்டம்

தொட்டியிலும் இதைச் செய்யலாம். செடி முடிந்ததும் வேரோடு பிடுங்கிக் கொட்டாமல் தண்டை மட்டும் வெட்டிவிட்டுப் பக்கத்தில் அடுத்த நாற்றை வைக்கிறேன். பழைய வேர் மட்கிய வழியிலேயே புது வேர் இறங்குகிறது. தண்ணீர் ஊற்றினால் ஓரமாக ஓடி வெளியேறாமல் உள்ளே நிற்கிறது. வேர்ப்புழு வந்த தொட்டியை மட்டும் கொட்டி வெயிலில் காயவைத்துவிடுவேன்.

மாதவரம், கொல்லைத் தோட்டம்

மீஞ்சூர்த் தம்பி சொன்னது சரி. கோரை மண்டிய வடக்கு மூலையை மட்டும் இந்தச் சித்திரையில் காய்ந்த மண்ணாகக் கொத்திப் போட்டேன். கிழங்கு ஒரு கூடை வந்தது. மற்ற இடத்தில் மண்வெட்டி வைக்கவில்லை, வைக்கப் போவதும் இல்லை. களையெடுக்க அவளைச் சும்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அரை நாள் கூலி கணக்குப் போட்டு வாடகையில் கழிக்கிறேன்.

சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறாள். மாமனார் வீட்டு விதைக் கோதுமை இரண்டு கிலோ கொண்டுவருகிறேன் என்றிருக்கிறாள். வந்ததும் வண்ணாரப்பேட்டைத் தங்கச்சி மில்லுக்கு முறத்தோடு வருகிறோம். விதைப்பதற்கு முன் அதிலிருக்கும் மாமாவைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.