பிகோனியா இலைத் துண்டுகள் இரண்டாம் முறையும் அழுகிவிட்டன

கேள்வி:
அழகான இலைகளுக்காக வளர்க்கும் ரெக்ஸ் பிகோனியாவின் ஓர் இலையைச் சிறு சதுரங்களாக நறுக்கி, ஈரமான தேங்காய் நார்த்தூளில் பதித்து, டப்பாவை மூடி வைத்தேன். பத்தே நாளில் ஓரங்கள் பழுப்பேறிக் கூழாகிவிட்டன. தாய்ச்செடியும் இளைத்துக்கொண்டே வருகிறது. அது போவதற்குள் ஒரு கன்றாவது எடுத்துவிட வேண்டும். எங்கே தவறுகிறேன்?

பதில்:
நார்த்தூளை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் ஒழுகினால் அதுதான் காரணம். வேரில்லாத துண்டைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்க வேண்டும். அடியிலோ ஈரத்தோடு காற்றோட்டமும் வேண்டும். பாதிக்குப் பாதி பெர்லைட் (எடையற்ற வெள்ளைக் கல் துகள்) கலந்துகொள்ளுங்கள்.

சதுரமாக வெட்டியதில் சில துண்டுகளில் தடித்த நரம்பே இல்லாமல் போயிருக்கலாம். வெட்டுப்பட்ட நரம்பிலிருந்துதான் வேரும் கன்றும் பிறக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு தடித்த நரம்பு ஓடும்படி ஆப்பு வடிவில் வெட்டி, காம்புப் பக்கத்து முனையைக் கீழே வைத்து ஊன்றுங்கள். எந்த இலையை எடுத்தீர்கள்?

கேட்டவர்:
அடியிலிருந்த முற்றிய இலை. பிழிந்தேன், நன்றாகவே ஒழுகுகிறது! இன்னொரு சந்தேகம்: மூங்கில்போல் கணு வைத்து உயரமாக வளரும் புள்ளி பிகோனியாவின் இலையையும் காம்போடு நட்டிருந்தேன். நான்கு மாதமாகிறது. வேர் பிடித்திருக்கிறது, முளையைத்தான் காணோம்.

மற்றொரு பதில்:
அது கேன் பிகோனியா. அதன் இலை வேர்விடும். தளிர் விடுவது அரிது. கணுவோடு தண்டை வெட்டி நடுங்கள்.

ரெக்ஸுக்கு முற்றியதும் தளிரும் வேண்டாம், நடுத்தர இலையே நல்லது. செடி இளைத்திருப்பதால் துண்டு போடாமல் முழு இலையையே வையுங்கள். காம்பை இரண்டு செ.மீ. அளவு விட்டுச் சுத்தமான பிளேடால் வெட்டி, காம்பு மட்டும் புதையும்படி சாய்த்து நடுங்கள். கன்றுகள் குறைவாகவே கிடைக்கும். ஆனால் வெட்டுவாய் ஒன்றே என்பதால் அழுகலும் குறையும். நேர் வெயில் படாத வெளிச்சமும் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பமும் போதும். மூடியைத் தினமும் சற்று நேரம் திறந்து, உள்ளே கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிடுங்கள்.

வேருக்கு மூன்று நான்கு வாரம், கன்று தலைகாட்ட இரண்டு மாதம்கூட ஆகலாம். அதற்குள் இலை ஓரத்தில் காய்ந்தால் பிடுங்கிவிடாதீர்கள். நான் அப்படிப் பிடுங்கிய இலையின் அடியில் மிளகளவில் ஒரு குருத்து இருந்தது. இன்றும் மனம் ஆறவில்லை.

கேட்டவர்:
சற்றுமுன்தான் நடு இலை ஒன்றை நட்டேன். நார்த்தூளைப் பிழிந்தேன்; ஒரு சொட்டும் விழவில்லை.