பிளைட் மாதிரி படம் இருந்தா சொல்லுங்க மக்களே

டென்சல் வாஷிங்டன் நடிச்ச பிளைட் 2012 படம் இப்பதான் பார்த்தேன், பிளேனைத் தலைகீழா ஓட்டுற சீனைத்தான் எல்லாரும் பேசுவாங்க ஆனா எனக்கு விசாரணைக்கு முந்தின ராத்திரி ஹோட்டல்ல மினிபார் முன்னாடி நிக்கிறாரே அதுதான் வயித்தைக் கலக்கிருச்சு, என்ன நடிப்புய்யா! குடியை மறைக்க அந்தாளு சொல்ற பொய்யெல்லாம் அப்படியே நிஜம்.

இதே மாதிரி குடிப்பழக்கத்தைக் காமெடியாக்காம எடுத்த படம் தெரிஞ்சா சொல்லுங்க, காதல் தோல்வில குடிக்கிற கதை மட்டும் வேணாம் ப்ளீஸ். அப்புறம் அமெரிக்காவுல குடிக்கு அடிமையான பைலட்டுங்க சிகிச்சை முடிச்சு, கண்காணிப்புல இருந்துட்டே திரும்ப வேலைக்கு வர்றதுக்கு ஹிம்ஸ்னு ஒரு திட்டம் இருக்குல்ல, அதைப் பத்தி நல்ல டாக்குமென்டரி ஏதாச்சும் இருக்கா? சப்டைட்டிலோட இருந்தா ரொம்ப நல்லது, அம்மாவும் கூட உக்காந்து பாப்பாங்க.