பழைய போனை விற்று அடுத்ததுக்குப் போவது: உண்மையில் எவ்வளவு கையை விட்டுப் போகிறது? (2025 ஜூலை-ஆகஸ்ட் உரையாடல்)

மில்_ஷிப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை மில்லில் வேலை. என்னிடம் இருப்பது ஐபோன் 12, 128 ஜிபி. 2022 டிசம்பரில் இன்னொருவர் கையிலிருந்து 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. பேட்டரி ஆரோக்கியம் 81 சதவீதம் காட்டுகிறது. ஒரு மூலையில் கீறல், மற்றபடி சுத்தம். பெட்டி இருக்கிறது, ரசீதைத்தான் காணோம்.

ஐபோன் 15 மேல் ஒரு கண். ஒரு கடையில் கேட்டேன். பழையதுக்கு 650 கழித்துக்கொள்கிறோம், மீதியை 24 மாத அன்சுரானில் (தவணையில்) கட்டுங்கள் என்றார்கள். இதற்கிடையில் என் ஷிப்டில் ஒரு பையன் வருஷா வருஷம் போன் மாற்றுகிறான், செலவே இல்லை என்கிறான். இரண்டரை வருஷமாக ஒரே போனைக் கட்டிக்கொண்டு அழுகிற நான்தான் ஏமாளியோ என்று தோன்றிவிட்டது. படிவம் 4 படிக்கிற மகள் வேறு போன் கேட்கிறாள். எப்படி யோசிப்பது?

555நோட்டு:

தம்பி, அந்தக் கடையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? நல்லது, அப்படியே இரு.

நான் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. கணக்கு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மளிகைக் கடைக் கடனுக்கு எங்கள் அப்பா சட்டைப்பையில் வைத்திருந்த அதே 555 குட்டிப் புத்தகத்தில்தான் என் போன் கணக்கும் இருக்கிறது. இடது பக்கம் வாங்கிய விலை, வலது பக்கம் விற்ற விலை. வித்தியாசத்தை, வைத்திருந்த மாதங்களால் வகுத்து அடியில் சிவப்புப் பேனாவில் எழுதுவேன். நான் பார்ப்பது அந்தச் சிவப்பு எண்ணை மட்டும்தான்.

முதல் பக்கம் என் முட்டாள்தனம். 2018-இல் புத்தம் புது ஆண்ட்ராய்டு போன், 1,299 வெள்ளி. 14 மாதம் கழித்து விற்கப் போனால் 350 தருகிறேன் என்றார்கள். மாதம் 68 வெள்ளி போயிருக்கிறது. மலிவான போன் என்று நினைத்துத்தான் அதை வாங்கினேன்!

அடுத்தது ஐபோன் 11. 2021 நவம்பரில் 1,900-க்கு வாங்கி, 2023 ஆகஸ்டில் 1,150-க்கு விற்றேன். மாதம் 36. பிறகு ஐபோன் 13. 2023 நவம்பரில் 2,150, அடுத்த ஆகஸ்டில் 1,800. மாதம் 39. இப்போது கையில் 14.

இனி உன் கணக்கு. உன்னுடையதைப் போல உள்ள 12 இப்போது நேரடியாக விற்றால் 950 பக்கம் போகிறது. 2,000-இல் 950 கழித்தால் 1,050. டிசம்பர் 2022-லிருந்து 31 மாதம். மாதம் 34 வெள்ளி. அட, என்னைவிடக் குறைவு! நீ ஏமாளி இல்லை. உன் ஷிப்டுப் பையன் ‘செலவே இல்லை’ என்பது புருடா, அவனை ஒரு 555 புத்தகம் வாங்கச் சொல். ஆனால் அந்தக் கடைக்கு 650-க்குக் கொடுத்தால் உன் மாதக் கணக்கு 44 ஆகிவிடும். 300 வெள்ளியைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற வேலை அது.

அன்சுரான் வேண்டவே வேண்டாம். ஒன்பதாவது மாதம் நல்ல விலை வந்தாலும் விற்க மனம் வராது. விற்றால் போன் கையை விட்டுப் போயிருக்கும், கடன் 15 மாதம் மிச்சம் இருக்கும்.

ஐபோன் 15 இங்கே 2023 செப்டம்பரில் 4,399 வெள்ளிக்கு வந்தது. இந்த வாரம் நான் பார்த்த சுத்தமான பழைய செட் 2,400. அந்த 2,000 வெள்ளியை முதல் ஆள் தின்று முடித்துவிட்டார், மாதம் 91 வெள்ளி வீதம். அவர் தின்று முடித்த பிறகு நாம் உள்ளே நுழைய வேண்டும். பெட்டி பிரிக்கும் சந்தோஷத்துக்கு அவர் காசு கட்டினார், அது அவர் ஆசை, குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம், மாதம் பார்த்து விற்க வேண்டும். ஆப்பிள் வழக்கமாகச் செப்டம்பரில் புது மாடல் விடுகிறது, கூடவே போன வருஷ மாடலின் கடை விலையைக் குறைக்கிறது. புதியது இறங்கினால் பழையதும் படி படியாக இறங்கும். அதனால்தான் ஆகஸ்டில் விற்று, எல்லாரும் பழையதைத் தள்ளிவிடுகிற நவம்பரில் வாங்குகிறேன். நடுவில் இரண்டு மூன்று மாதம் பீரோவிலிருந்து எடுத்த உடைந்த போன்தான். என் மனைவி அதற்கு ‘விரத போன்’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. போன் மாற்றுகிற அன்றைக்குச் சம்பள நாளாக இருக்கக்கூடாது. வங்கி ஆப்பைப் புது போனில் பதிந்ததும் என் வங்கி 12 மணி நேரம் காத்திருக்க வைத்தது. மோசடிக்காரன் உடனே பணத்தை எடுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு, சரிதான், ஆனால் அன்றைக்குக் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) கட்ட வேண்டிய நாள். பத்தாம் நம்பர் லயத்து அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

விற்பதற்கு முன் போனைச் சுத்தம் செய். உன்னைப் போன்ற மில்காரர்கள் போனில் சார்ஜ் குத்தும் ஓட்டைக்குள் செம்பனை நார் போய் எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாக உட்கார்ந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பு, முழுசாக ஒரு கருப்புத் தகடு மாதிரி வரும். ஸ்பீக்கர் வலைக்குப் பழைய பல் தூரிகை, ஈரமில்லாமல். வாங்க வருகிற ஆள் முதலில் சார்ஜர்தான் குத்திப் பார்ப்பான். ‘டக்’கென்று உட்காரவில்லை என்றால் அங்கேயே 100 வெள்ளி குறைப்பான்.

படம் காலை வெயிலில், வாசல் நடைபாதையில் எடு. மூலைக் கீறலைத் தனியாகக் கிட்டத்தில் எடுத்துப் போடு. மறைத்தால் ஈப்போ வரை மோட்டாரில் போய்த் திரும்பி வருவாய். மலேசியா செட்டா, ஏபி செட்டா (வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கியது) என்று விளம்பரத்திலேயே எழுதிவிடு, முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஈப்போ என்றதும் நினைவு வருகிறது. ஐபோன் 11-ஐ விற்கப் போனபோது ஒரு பேரங்காடி வாசலில் நல்ல சட்டை போட்ட ஒருவர், பணம் அனுப்பிவிட்டேன் என்று திரையில் ரசீதைக் காட்டினார். என் பெயர், தொகை எல்லாம் சரி. நான் என் ஆப்பைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ‘லைன் மெதுவா இருக்கு அண்ணே, அஞ்சு நிமிஷம்’ என்றார். டியூட்நவ் என்கிற உடனடிப் பணமாற்றத்துக்கு ஏது அஞ்சு நிமிஷம்? சரி, காத்திருக்கலாம், தேத்தண்ணீர் குடிப்போம் என்றேன். கார் நிறுத்தியதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. ரசீதைப் பார்த்து போனைக் கொடுக்காதே, உன் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்துக் கொடு. நீ வாங்கும்போது முன்பணம் கேட்டால், அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மூல் தளத்தில் தட்டிப் பார். புகார் இருந்தால் அதில் தெரியும்.

மற்ற சாமான்கள் பற்றி ஒரு வரி: கேமரா லென்ஸ் விலை நிற்கும், காதில் சொருகும் வயரில்லா இயர்போன் நிற்காது. மற்றவன் காது அழுக்கை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

கடைத்தம்பி:

கிராணி அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பேட்டரி 81-இல் இருக்கும்போதே முடிவு எடுங்கள். 80-க்குக் கீழே போனால் வாங்குகிறவர்கள் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். அதற்குப் பயந்து மலிவு பேட்டரி மாற்றிவிடவும் வேண்டாம். 12-இல் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனால் எந்தப் பாகம் மாற்றியது, அசலா இல்லையா என்று காட்டிக் கொடுத்துவிடும். என்னிடம் மாற்ற வருகிறவர்களிடம் நானே இதைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறேன்.

வாங்குவது 14-ஆ 15-ஆ என்றால் நான் 15 என்பேன். ஆப்பிள் கணக்குப்படி 14 வரைக்கும் பேட்டரி 500 முழுச் சுற்றுக்கு 80 சதவீதம் தாங்கும், 15-க்கு 1,000 சுற்று. அடுத்து விற்கும்போது அந்த வித்தியாசம் உங்களுக்குத்தான். டைப்-சி வேறு, மில்லில் யார் சார்ஜரும் பொருந்தும்.

போன் யார் கைக்குப் போனாலும் அதற்கு முன் ‘ஃபைண்ட் மை’யை (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைத்து, ஐகிளவுடிலிருந்து வெளியேறிவிட்டு அழியுங்கள். வெளியேறாமல் சும்மா அழித்தால் ஆப்பிள் கணக்குப் பூட்டு அப்படியே இருக்கலாம். போன மாதம் ஒரு பாட்டி, பேரன் கொடுத்தது என்று அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பேரன் சிங்கப்பூரில், பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துபோச்சு. போன் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

லயத்து_அக்கா:

எல்லாம் சரி. நான் 2019-இல் வாங்கிய போனில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கிராணி அண்ணே, என் சிவப்பு எண்ணைக் கணக்குப் போட்டால் உங்கள் புத்தகம் வெட்கப்படும். தம்பி, உங்களுக்கு மாற்ற வேண்டிய காரணம் என்னவென்று கடைசி வரை சொல்லவே இல்லையே? மகளுக்குப் போன் வேண்டும், அது புரிகிறது. அந்த 12-ஐ அவளிடமே கொடுத்தால் என்ன? படிவம் 4 பிள்ளைக்கு அது தாராளம்.

555நோட்டு:

அக்கா சொல்வதில் அடி விழுந்துவிட்டது எனக்கு. தம்பி, மகளுக்குக் கொடுத்தாலும் அது 950-க்கு விற்ற மாதிரிதான். இல்லையென்றால் அவளுக்கு 900 வெள்ளியில் புதிதாக ஒன்று வாங்குவாய், அது என் முதல் பக்கத்துக் கதையாக முடியும். வீட்டுக்குள் விற்றால் ஈப்போவுக்குப் பெட்ரோலும் மிச்சம்.

15 விஷயத்தில் கடைத்தம்பி சொன்னதற்கு நான் தலை வணங்குகிறேன். நானும் ஆகஸ்டில் 14-ஐத் தள்ளிவிட்டு அதற்கே போகலாமா என்று பார்க்கிறேன்.

மில்_ஷிப்ட்:

அக்கா, காரணம் கேட்டீர்களே, நேர்மையாகச் சொன்னால் ஷிப்டுப் பையனைப் பார்த்த பொறாமைதான்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஐபோன் 12 மகள் கைக்குப் போய்விட்டது. ஐகிளவுடிலிருந்து வெளியேறிப் பார்த்தேன், பாஸ்வேர்டு நல்ல வேளை நினைவிருந்தது. ஓட்டைக்குள் பல்குச்சி விட்டேன் அண்ணே, நீங்கள் சொன்ன அதே கருப்புத் தகடு. இத்தனை நாள் கேபிளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், மூன்று கேபிள் வாங்கிவிட்டேன்.

நவம்பர் வரை எனக்கு அம்மாவின் பழைய பொத்தான் போன். சம்பளம் எடுக்க ஏடிஎம் கார்டு போதும். மில்லில் சிரிக்கிறார்கள், ஆனால் சார்ஜ் நான்கு நாள் நிற்கிறது. ரசீதும் கிடைத்தது, பிஸ்கட் டின்னில் மகளின் தடுப்பூசிப் புத்தகத்துக்கு அடியில். பெட்டியோடு சேர்த்து அவளிடமே கொடுத்துவிட்டேன். ‘இதை எதுக்குப்பா வைக்கணும், நானா விற்கப் போறேன்?’ என்றாள்.